இருட்டினால் தானே எரியும் ஹெட்லைட்: ஒயரை வெட்டும் முன்

காரில் ஆட்டோ ஹெட்லைட் வசதி இல்லாதவர்கள் ஆன்லைனில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை வாங்கி, வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்வது இப்போது சகஜமாகிவிட்டது. பெட்டியோடு ஒரு லைட் சென்சார், உள்ளே ஒரு ரிலே, அதாவது சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். வெளியே மூன்று நான்கு ஒயர்கள். மாட்ட அரை மணி நேரம் போதும். பிறகு இறங்கிப்போன பேட்டரி, உருகிய ஹோல்டர், பொசுங்கிய ஒயர் என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் திரும்பத் திரும்ப ஒரே சில தவறுகளைத்தான் பார்க்கிறோம்.

பெட்டிக்கு சப்ளை தரும் சிவப்பு ஒயரை எங்கே கொடுப்பது என்பதிலேயே முதல் தவறு நடக்கிறது. கைக்கு எட்டுகிறது என்பதற்காக நேராக பேட்டரி பிளஸ்ஸில் கொடுத்துவிடுகிறார்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்திச் சாவியோடு நீங்கள் மேலே போனதும், இருட்டைப் பார்த்த சென்சார் லைட்டைப் போட்டுவிடும். 55 வாட் பல்பு இரண்டு, கூடவே பார்க்கிங் லைட்டுகள்: சுமார் 10 ஆம்பியர். சிறிய காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று மூன்றரை மணி நேரத்தில் படுத்துவிடும். சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஃபியூஸிலிருந்துதான் பெட்டிக்கு சப்ளை எடுக்க வேண்டும். சாவியை எடுத்த உடனே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சில லைன்களில் கொஞ்ச நேரம் கழித்தே கரண்ட் நிற்கும். பத்து நிமிடம் பொறுத்து அளந்து பாருங்கள்.

அந்த ஃபியூஸ் லைன் சென்சாருக்கு மட்டும்தான். ஹெட்லைட்டின் சுமையை அதில் ஏற்றக் கூடாது. பல்புக்குப் போகும் கரண்டைத் தனி ரிலே சுமக்கட்டும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனை, 87இலிருந்து பல்பு. பெட்டியிலிருந்து வரும் சிக்னல் 85, 86 முனைகளில் உள்ள காயிலை, அதாவது ரிலேயை இயக்கும் கம்பிச்சுருளை மட்டும் இயக்கினால் போதும். ஃபியூஸை ரிலேக்குப் பக்கத்தில் வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது.

இணைக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும்: உங்கள் காரில் சுவிட்ச் ஆவது பிளஸ்ஸா, எர்த்தா (பாடியோடு சேரும் மைனஸ்)? டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் உள்ள எச்4 வகையின் பிளக்கில் மூன்று முனைகள் உண்டு. சில கார்களில் டிம், பிரைட் முனைகளுக்கு பிளஸ் வரும், மூன்றாவது எர்த். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல கார்களில் இது தலைகீழ். பொது முனையில் பிளஸ் இருக்கும், சுவிட்ச் டிம்மையோ பிரைட்டையோ எர்த்தோடு சேர்க்கும். பிளக்கைக் கழற்றி, மீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் வைத்து, சுவிட்சை டிம்மிலும் பிரைட்டிலும் மாற்றிப் பாருங்கள். இரண்டு நிலையிலும் ஒரே முனையில் 12 வோல்ட் காட்டினால் அது எர்த் சுவிட்ச் வண்டி. அதில் மேலே சொன்னபடி ரிலேயிலிருந்து டிம் முனைக்கு பிளஸ் கொடுத்தால் இரு பக்கமும் பிளஸ் ஆகி பல்பு எரியாது. பழக்கத்தில் நீங்கள் சுவிட்சைப் போட்டதும் அந்த பிளஸ் நேராக எர்த்துக்குப் போய் ஷார்ட் ஆகும்.

பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி நேரடியாக விளக்கை இயக்கும் புதிய கார்களில் இந்த விஷப்பரீட்சையே வேண்டாம். வெளியிலிருந்து கொடுக்கும் 12 வோல்ட் அதன் அவுட்புட்டுக்குள் பின்வழியாகப் போகும். ஒரு ஃபியூஸோடு முடியும் செலவல்ல அது. அதே மாடலின் உயர் வேரியன்ட்டில் ஆட்டோ ஹெட்லைட் இருந்தால், அதன் ஒரிஜினல் சுவிட்சும் சென்சாரும் உங்கள் காருக்குப் பொருந்துமா, காரின் மென்பொருளில் அதைப் பதிவு செய்யும் கோடிங் தேவையா என்று விசாரிப்பதே சரியான வழி.

டிம் எரியும்போது பிரைட் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. சாதாரணமாக டிம் அணைந்து பிரைட் எரியும். பெட்டி டிம்மைப் பிடித்துக்கொண்டே இருந்தால் 55, 60 வாட் இழைகள் இரண்டும் ஒரே கண்ணாடிக்குள் சேர்ந்து எரியும். ஹோல்டர் பழுப்பேறி, பிறகு நொறுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பிரைட் வந்ததும் டிம்மை வெட்டிவிட 87ஏ முனை (ரிலே இயங்கும்போது இணைப்பு விட்டுப்போகும் முனை) உள்ள ரிலே ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கவலை தருவது பின்விளக்கு. மலிவான பெட்டி முன்னால் உள்ள இரண்டு பல்பை மட்டும் எரிய வைக்கும். பின்விளக்கும் நம்பர் பிளேட் லைட்டும் அணைந்தே கிடக்கும். முன்னால் சாலை பளிச்சென்று தெரிவதால் ஓட்டுபவருக்குச் சுவிட்ச் நினைவே வராது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் கார் ஒரு கறுப்பு உருவம், அவ்வளவுதான். பார்க்கிங் லைட் லைனையும் சேர்த்து இயக்காத எந்த இணைப்பையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சென்சாரை டாஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி, வானம் பார்க்க ஒட்டுங்கள். வெல்வெட் விரிப்பும் பிள்ளையார் சிலையும் அதன் மேல் நிழல் போட்டால் நண்பகலிலும் லைட் எரியும். கம்பெனியிலேயே ஆட்டோ லைட் வந்த கார்களில் சென்சார் சில சமயம் கண்ணாடியின் உட்புறம், ரியர்வியூ மிரருக்குப் பின்னால் இருக்கும். அதை மறைத்து ஃபாஸ்டேக் ஒட்டிவிட்டுச் சென்சார் கெட்டுவிட்டது என்று வருபவர்கள் உண்டு. கொடைக்கானல், ஊட்டி பாதையில் காலைப் பனிமூட்டத்தில் எந்த சென்சாரையும் நம்ப வேண்டாம். பனி வெள்ளையாக இருப்பதால் அதற்கு அது பகல்தான். லைட்டை நீங்கள்தான் போட வேண்டும்.

இதோடு சேர்த்து 100/90 வாட் (பிரைட் 100, டிம் 90) பல்பு மாட்டுவது பழைய ஆசை. 55இலிருந்து 90க்குப் போனால் ஒயரில் ஏறும் சூடு ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. வெளிச்சம் மங்கலாக இருந்தால் பல்பைக் குறை சொல்லும் முன், எரியும்போது பல்பு முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். எர்த் முனையின் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பல கார்களில் சரியாகிவிடும். ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி போட்டால், இழை இருந்த இடத்திலிருந்து ஒளி வராது. எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும். எல்இடி பல்பின் ஃபேன் இடிக்கிறது என்று ஹெட்லைட்டின் பின்மூடியைக் கழற்றிவிட்டால் முதல் மழையிலேயே உள்ளே நீர் கோத்து ரிஃப்ளெக்டர் உரியும்.

வேலை முடிந்ததும் இன்ஜினை ஓட விட்டு சென்சாரைத் துணியால் மூடுங்கள். ஒருவர் காரைச் சுற்றி வந்து டிம், பின்விளக்கு, நம்பர் பிளேட் லைட் மூன்றும் எரிகிறதா என்று பார்க்கட்டும். பிரைட் போட்டு டிம் அணைகிறதா என்று பாருங்கள். சாவியை எடுத்து, காரைப் பூட்டி, பத்து நிமிடம் கழித்துத் துணி மூடியபடியே இருக்கும்போது வந்து பாருங்கள். ஒரு விளக்குகூட எரியக் கூடாது. ஐந்தாறு நாள் ஓட்டிய பிறகு ரிலேயையும் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால், அன்றே கழற்றிவிடுங்கள்.