அபராதத்தைக் கூட்டினால் புத்தகம் திரும்பி வருமா?

மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் போன்ற தேர்வுகளின் தர்க்கத்திறன் கேள்விகளுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். நன்றாகப் படிக்கும் மாணவர்களே மீண்டும் மீண்டும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு திட்டத்தைச் சொல்லி, அதை மதிப்பிட எந்தத் தகவல் மிகவும் உதவும் என்று கேட்கும் கேள்வி அது.

வகுப்பில் நான் முதலில் கொடுக்கும் கணக்கு இதுதான். ஒரு நூலகத்தில் பலரும் தேடும் புத்தகங்கள் அலமாரியில் இருப்பதில்லை. எடுத்துச் சென்றவர்கள் தவணை கடந்தும் வைத்திருக்கிறார்கள். அவை மற்றவர்களுக்கு விரைவில் கிடைக்க வேண்டும் என்று நிர்வாகம் அபராதத்தை இரட்டிப்பாக்குகிறது. இதை மதிப்பிட எது உதவும்? நூலகத்தின் வருமானம் கூடுமா என்பதா, மற்ற நூலகங்கள் எவ்வளவு வாங்குகின்றன என்பதா, இப்போதைய அபராதம் உண்மையிலேயே வசூலிக்கப்படுகிறதா என்பதா?

வகுப்பில் பாதிப் பேராவது வருமானத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அபராதம் என்றதும் மனம் பணத்தின் பக்கம் ஓடிவிடுகிறது. ஆனால் நிர்வாகத்தின் இலக்கு பணம் அல்ல. புத்தகம் அலமாரிக்கு வர வேண்டும், அவ்வளவுதான். வருமானம் கூடினாலும் குறைந்தாலும் அந்த இலக்கைப் பற்றி நமக்கு எதுவும் தெரியப்போவதில்லை. மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள். 'வசூலிக்கப்படுவதில்லை' என்பது பதிலானால், வாங்காத தொகையை இரட்டிப்பாக்கி என்ன பயன்? 'வசூலிக்கப்படுகிறது' என்றால் திட்டம் பலிக்க வாய்ப்பு உண்டு. ஆம் என்றால் ஒரு பக்கமும் இல்லை என்றால் மறுபக்கமும் முடிவு சாய வேண்டும். சாயாத தகவல் எவ்வளவு சுவையாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

அபராதம் தாமதத்தைக் குறைக்கும் என்பதில் சந்தேகமே எழாதவர்களுக்கு ஹைஃபா நகரத்தின் கதையைச் சொல்வேன். இஸ்ரேலில் உள்ள அந்த நகரின் 10 குழந்தைகள் காப்பகங்களை யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து, 2000-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 6 காப்பகங்களில் அபராதம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. அதுவரை ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. பணம் வந்ததும் அது கூடுதல் நேரத்துக்கான கட்டணமாகிவிட்டது. 'தண்டம் என்றால் மக்கள் தவிர்ப்பார்கள்' என்ற எடுகோளை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திட்டம் முழுவதும் அதன் மேல்தான் நின்றது.

எடுகோள் என்றே நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலர் 'அனுமானம்' என்கிறார்கள். நம் தர்க்க மரபில் அனுமானம் என்பது புகையைக் கண்டு நெருப்பை அறிவது, அதாவது சொன்னதிலிருந்து பெறும் முடிவு. எடுகோளோ சொல்லாமலே அடியில் கிடப்பது. இரண்டும் வேறு வேறு கேள்வி வகைகள். சொல் குழம்பினால் விடையும் குழம்பும்.

ஒரு திட்டத்தின் எடுகோள் எது என்று கேட்கும் கேள்வியில் இன்னொரு பொறி, மிகையாகப் பேசும் விடை. ஒன்றை மறுத்தால் திட்டம் சரிய வேண்டும், அப்போதுதான் அது எடுகோள். 'அபராதத்தைத் தவிர வேறு வழியே இல்லை' என்று ஒரு தெரிவு வரும். அதை மறுத்துப் பாருங்கள்: வேறு வழியும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், இந்த வழி பலிக்காது என்று ஆகிவிடவில்லையே. திட்டம் ஒரே வழியாகவோ சிறந்த வழியாகவோ இருக்க வேண்டியதில்லை. மாறாக, 'பெரிய அபராதத்துக்கு அஞ்சிப் பலர் புத்தகத்தைத் தராமலே இருந்துவிட மாட்டார்கள்' என்பதை மறுத்தால் திட்டம் சரிந்துவிடும். எனவே அது எடுகோள். மறுக்கும்போதும் கவனம் வேண்டும். 'எல்லோரும் தருவார்கள்' என்பதன் மறுப்பு 'யாரும் தரமாட்டார்கள்' அல்ல. 'சிலராவது தரமாட்டார்கள்' என்பதே.

ஜிமேட்டின் மொழித்திறன் பகுதியில் 23 கேள்விகளுக்கு 45 நிமிடம், அதாவது கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாக இல்லை. அதற்குள் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களிடம், தெரிவுகளைப் பார்க்கும் முன் இலக்கை மட்டும் ஐந்தாறு சொற்களில் எழுதச் சொல்வேன். நூலகக் கணக்கில் 'தேடும் புத்தகம் விரைவில் கிடைக்க வேண்டும்' என்று எழுதியவர்கள் வருமானத்தின் பக்கம் திரும்புவதே இல்லை.