தென்னாப்பிரிக்காவில் தொழில்: பினாமிப் பங்குதாரரைத் தேடாதீர்கள்

கோவையில் பம்ப், மோட்டார், உதிரிபாகம் செய்கிறவர்களின் கணக்குகளைப் பார்த்துவரும் ஆடிட்டர் நான். ஆப்பிரிக்கச் சந்தை என்றதும் இவர்களில் பலர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் மீதுதான் முதலில் கண் வைக்கிறார்கள். பெரிய துறைமுகம், ஒழுங்கான வங்கிகள், 1860 முதல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் என்று எல்லாமே அங்கே இருக்கின்றன. போதாததற்கு, அந்நாட்டு அரசே முதலீட்டாளர்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது. அழைப்பு உண்மையானது. அதனுடன் வரும் நிபந்தனைகளைத்தான் யாரும் படிப்பதில்லை. கறுப்பினத்தவருக்கு உரிமையில் பங்கு தரும் நிறுவனங்களுக்கு அங்கே அரசு டெண்டரில் முன்னுரிமை உண்டு. அதைக் குறுக்குவழியில் பெறத்தான் பினாமியைத் தேடுகிறார்கள்.

ஒருவர் என் மேசையில் வைத்த ஒப்பந்த நகலைச் சொல்கிறேன். டர்பனில் தொடங்கும் கம்பெனியில் 51 சதவீதப் பங்கு ஒரு கறுப்பினக் கிடங்கு ஊழியர் பெயரில். கூடவே தனியாக ஒரு கடிதம்: ஈவுத்தொகை முழுவதையும் அவர் திருப்பித் தந்துவிட வேண்டும். மூன்றாவதாக, தேதி போடாமல் அந்த ஊழியரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிய பங்கு மாற்றுப் படிவம். "அங்கே எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம் சார்" என்றார்.

இதற்கு அங்கே சிறைத்தண்டனை உண்டு. கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தப் பினாமி ஏற்பாட்டைக் குற்றமாக்கியது. தனிநபருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை, கம்பெனிக்கு ஆண்டு விற்றுமுதலில் பத்து சதவீதம் வரை அபராதம். விசாரிப்பதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது. ஈவுத்தொகையைத் திருப்பித் தரச் சொல்லும் அந்தக் கடிதம் ஒன்றே அவர்களுக்குப் போதும்.

ஏன் இவ்வளவு கடுமை? 1994இல் மண்டேலா பொறுப்பேற்றபோது, நிறவெறி ஆட்சி விட்டுச்சென்ற கடனும், பொருளாதாரத் தடைகளால் வெளியேறிய மூலதனமும்தான் மிச்சம். கதவைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கென்று தனியாக வைத்திருந்த ரேண்ட் (அந்நாட்டு நாணயம்) மாற்று விகிதத்தை 1995 மார்ச்சில் நீக்கினார்கள். இறக்குமதி வரிகளைக் குறைத்தார்கள். ஐரோப்பிய நாடுகளுடன் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் போட்டார்கள். 1996இல் வந்த, அரசுச் செலவை இறுக்கிச் சந்தையைத் திறக்கும் 'கியர்' பொருளாதாரத் திட்டத்தைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தும் அரசு அசையவில்லை. ஆனால் வாக்குரிமை கைமாறிய வேகத்தில் பங்குகளும் நிலமும் கைமாறவில்லை. அதற்காக வந்ததுதான் 2003ஆம் ஆண்டின் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டம். உரிமை, நிர்வாகம், பயிற்சி, கொள்முதல் ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நிலை தருவார்கள். முதல் நிலைதான் உயர்ந்தது. தனியார் நிறுவனம் இதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் அரசு டெண்டரும் பெரிய நிறுவனங்களின் கொள்முதலும் அந்தச் சான்றைப் பார்த்துத்தான் நகரும். அரசியலாக இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். எனக்கு அதன் நியாயம் புரிகிறது.

"நாமும் அங்கே ஒதுக்கப்பட்டவர்கள்தானே சார், நம்மையும் கணக்கில் சேர்ப்பார்களே?" என்பது அடுத்த கேள்வி. பாதி சரி. அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் வருகிறார்கள். ஆனால் பிறப்பாலோ வம்சாவளியாலோ தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது 1994 ஏப்ரல் 27க்கு முன் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். நிறவெறிச் சட்டத்தால் அப்போது குடியுரிமை மறுக்கப்பட்டு, பின்னால் பெற்றவர்களும் சேர்வார்கள். டர்பனில் பிறந்த நாயுடு வருவார். பீளமேட்டிலிருந்து போகும் நாயுடு வரமாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பினாமியே தேவையில்லை. அங்குள்ள கம்பெனியின் ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி ரேண்டைத் தாண்டாவிட்டால், பொது விதிப்படி அது மிகச்சிறு நிறுவனம். முழுப் பங்கும் உங்களிடமே இருந்தாலும், ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் நான்காம் நிலை தானாகக் கிடைக்கிறது. உங்களிடம் வாங்குகிறவர் அந்தச் செலவை முழுவதுமாகத் தன் சான்றுக்கான கொள்முதல் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். சில துறைகளுக்குத் தனி வரம்பு உண்டு, அதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகராறு வந்தால் சர்வதேச நடுவர் மன்றம் இருக்கிறதே என்றும் இருந்துவிட வேண்டாம். 2007இல் கிரானைட் தொழிலில் இருந்த இத்தாலிய முதலீட்டாளர்கள், கறுப்பினப் பங்கேற்பைக் கோரிய தென்னாப்பிரிக்கச் சுரங்கச் சட்டத்தை எதிர்த்து அந்த மன்றத்துக்குப் போனார்கள். வழக்கு 2010இல் கைவிடப்பட்டது. அதன் பிறகு தென்னாப்பிரிக்கா, அப்படிப் போக வழிதந்த முதலீட்டு ஒப்பந்தங்களைப் பல ஐரோப்பிய நாடுகளுடன் ரத்துசெய்து, 2015இல் சொந்த முதலீட்டுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2018 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அரசுடன் பிணக்கு என்றால் சமரசப் பேச்சு, இல்லையேல் உள்நாட்டு நீதிமன்றம்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒரு முத்திரை. பங்குச் சான்றிதழ் வந்தவுடன் அதை டர்பன் வங்கியில் கொடுத்து, 'வெளிநாட்டில் வசிப்பவர்' என்று மேற்குறிப்பு போட்டு வாங்குங்கள். பணம் உள்ளே வந்ததற்கான வங்கி ஆதாரத்தையும் அதனுடன் சேர்த்து வையுங்கள். இரண்டும் இல்லாவிட்டால், லாபத்தை வெளியே எடுக்கும் நாளில் அங்குள்ள அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு உங்களை நிறுத்திவைக்கும்.