கிரையோ மில் ஓடும் அறையில் கதவைச் சாத்தாதீர்கள்

மிளகையோ மஞ்சளையோ சாதாரண மில்லில் அரைத்தால் சூட்டில் வாசனை எண்ணெய் பறந்துவிடும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் பொடியாகாமல் இளகி ஜாரில் ஒட்டிக்கொள்ளும். இவற்றைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, நொறுங்கும் பதத்தில் அரைப்பதற்குத்தான் கிரையோ மில். கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஆய்வகங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கப் போனால், நான் முதலில் பார்ப்பது அறையின் கதவையும் ஏசியையும்தான். மெஷின் அப்புறம்.

மைனஸ் 196 டிகிரி என்றதும் எல்லோருக்கும் குளிரைப் பற்றித்தான் பயம். கையுறையைக் கேட்டு வாங்குகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் உயிரையே எடுத்துவிடக்கூடியது அந்த நைட்ரஜன் ஆவியாகி அறையை நிரப்புவது. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்று வையுங்கள். உள்ளே சுமார் 34,000 லிட்டர் காற்று இருக்கும். 10 லிட்டர் திரவம் கொட்டினால் 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 17-க்கும் கீழே போகும். 25 லிட்டர் கேன் முழுதும் கொட்டினால் சுமார் 10 சதவீதம்தான் மிஞ்சும். அந்த அளவில் ஆள் மயங்கி விழுந்துவிடுவார். குளிர்ந்த நைட்ரஜன் தரையோடு படிவதால், குனிந்து வேலை செய்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இதில் கொடுமை என்னவென்றால், மூச்சு முட்டுவதே தெரியாது. உடலில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால்தான் நமக்குத் திணறும். இங்கே அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. "மாஸ்க் போட்டிருக்கேன் சார்" என்பார்கள். மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆக்சிஜன் தராது.

நம் ஊர் மே மாத வெயிலில் கதவைச் சாத்தி ஏசி போடாமல் யாராலும் உட்கார முடியாது, புரிகிறது. ஆனால் ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஆகவே தரைமட்டத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், புதுக்காற்று வர ஒரு வழி, மில் பக்கத்தில் ஆக்சிஜன் அலாரம், அதன் அளவைக் காட்டும் திரை கதவுக்கு வெளியே. இவ்வளவும் இல்லாத அறையில் மில்லை ஓட்டவே வேண்டாம். அலாரம் 19.5 சதவீதத்தில் அடிக்க வேண்டும். அதன் சென்சாருக்கும் ஆயுள் உண்டு, காலாவதியானதும் மாற்றிவிடுங்கள். புயல் நாளில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், நைட்ரஜன் ஆவியாவது நிற்காது. உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், தயவுசெய்து ஓடிப்போய்த் தூக்காதீர்கள். 2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கோழி இறைச்சி ஆலையில் திரவ நைட்ரஜன் கசிந்து ஆறு பேர் இறந்தார்கள். அதில் நான்கு பேர் என்ன ஆயிற்று என்று பார்க்கவோ காப்பாற்றவோ பின்னால் போனவர்கள். கழிவுநீர்த் தொட்டியில் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கி, அடுத்தடுத்து ஆட்கள் இறந்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! இதுவும் அதே சாவுதான். கதவைத் திறந்துவிட்டு, வெளியே நின்று, சுவாசக் கருவியோடு வரும் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது ஜார். சீக்கிரம் குளிரட்டும் என்று திரவ நைட்ரஜனை ஜாருக்குள்ளேயே ஊற்றி மூடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். வாயு விரிய இடமில்லாமல் ஜார் வெடித்துவிடும். உலர்பனிக்கட்டியை (டிரை ஐஸ்) போட்டு மூடினாலும் இதே கதிதான். குளிர வேண்டியது வெளியிலிருந்து, மூடிய ஜாரைத் திரவ நைட்ரஜனில் முக்கி வைத்து. மூடியின் சீல் தேய்ந்திருந்தால் முக்கி வைக்கும்போதே திரவம் உள்ளே புகுந்துவிடும், சூடேறும்போது அழுத்தம் ஏறும். அதனால் ஒவ்வொரு முறையும் சீலைப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஜார் இந்தக் குளிரைத் தாங்கும். சிர்கோனியா (ஒரு வகைப் பீங்கான்), அகேட் (ஒரு வகைக் கல்) ஜார்கள் இப்படி முக்கினால் விரிசல் விடலாம்.

அரைத்து முடித்ததும் திறக்கும் அவசரம் வேண்டாம். கடலோரக் காற்றின் ஈரம் குளிர்ந்த பொடிமேல் உடனே படிந்து, அப்புறம் எடுக்கும் எடை, ஈரப்பத அளவு எல்லாமே தப்பாகிவிடும். ஜார் அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். ஆர்என்ஏ எடுக்கும் திசுபோல உருகவே கூடாத மாதிரிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. இதே ஈரம் நைட்ரஜன் கேனின் கழுத்திலும் பனியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். கேனோடு வந்த தளர்வான மூடியை மட்டும் போடுங்கள், இறுக்கமான கார்க் ஆகாது.

கையுறை, உதறினால் கழன்று விழும் அளவுக்குத் தளர்வாகவும், ஈரமில்லாமலும் இருக்கட்டும். முகத்துக்கு ஷீல்டு, பேன்ட் ஷூவுக்கு வெளியே. தோலில் பட்டுவிட்டால் தேய்க்காமல், 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில் வைத்து, ஜிப்மருக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள்.

கேனை மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தால் லிஃப்டில் கேன் மட்டும் போகட்டும். கீழே ஒருவர் ஏற்றிவிட, மேலே ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் எந்தத் தளத்திலும் யாரும் ஏறிவிடாதபடி கேனிலேயே ஒரு எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும்.