பூட்டு காட்டிக்கொடுக்காதிருக்க

வீட்டுச் சாவியை வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பிடித்துப் பார்த்தால், அதன் விளிம்பில் ஐந்தாறு பள்ளங்கள் ஏற்ற இறக்கமாக வெட்டப்பட்டிருப்பது தெரியும். பூட்டுக்குள் இருக்கும் பித்தளை உருளையிலும் அதைச் சூழ்ந்த கூட்டிலும் நேருக்கு நேராக அதே எண்ணிக்கையில் துளைகளும், ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்களும், அவற்றை அழுத்தும் ஒரு ஸ்பிரிங்கும் உள்ளன. சரியான சாவி நுழைந்ததும் இரு பின்களும் தொடும் இடம் எல்லாத் துளைகளிலும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்க, உருளை சுழல்கிறது. லைனஸ் யேல் என்ற ஒரே பெயருடைய அமெரிக்கத் தந்தையும் மகனும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடிவமைத்த இந்தப் பூட்டின் அடிப்படை, பண்டைய எகிப்தின் மரப்பூட்டுகளிலேயே இருந்தது.

ஐந்து பின்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து உயரங்கள் என்று வைத்துக்கொண்டால், 1,00,000 வகைச் சாவிகள் இயலும். ஆனால் எந்தப் பட்டறையிலும் துளைகள் அச்சுப்பிசகாமல் ஒரே கோட்டில் அமைவதில்லை என்பதால், உருளையை லேசாகத் திருப்ப முயலும்போது ஏதாவது ஒரு பின் மட்டுமே முதலில் இறுகுகிறது. அது சரியான உயரத்தை எட்டினால் அடுத்தது இறுகுகிறது. லட்சம் சேர்க்கைகளைத் தேடும் வேலை இப்படி ஐந்து சிறு வேலைகளாகச் சுருங்கிவிடுகிறது.

இதற்கு மாற்றாக வந்தவை, உடுக்கை போல இடை சிறுத்த பின்கள். சாவியின்றித் திறக்க முயல்பவருக்கு உருளை சற்றே திரும்பி, பின் சரியாக அமர்ந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் பின்னின் இடைதான் விளிம்பில் சிக்கியிருக்கும். பூட்டையே பொய் சொல்ல வைக்கும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தமானது.

இன்னொரு முறை, தட்டித் திறப்பது. ஒட்டி நிற்கும் இரண்டு கேரம் காய்களில் ஒன்றை ஸ்டிரைக்கர் தாக்கினால் மற்றது தெறித்து ஓடுவதைப் போல, அடிபட்ட கீழ்ப்பின் பெரும்பாலும் அசையாதிருக்க மேற்பின் துள்ளுகிறது. அந்தக் கணத்தில் உருளை விடுபட்டுவிடும். பின்களோடு, பக்கவாட்டில் தனியாக இயங்கும் இரண்டாவது தடையும் உள்ள பூட்டுகளில் இது எளிதில் பலிக்காது.

திறக்கவே முடியாத பூட்டு என்ற பேச்சு 1851 லண்டன் கண்காட்சியின்போதே பொய்த்துப் போனது. ஜோசப் பிராமாவின் நிறுவனம் 200 கினி (அன்றைய ஆங்கிலேயப் பண அலகு) பரிசு அறிவித்துப் பல்லாண்டுகள் காட்சிக்கு வைத்திருந்த பூட்டை, ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் திறந்தார். 1818இல் வந்த சப் நிறுவனப் பூட்டையும் அவர் 1851இலேயே திறந்துகாட்டினார். எனினும் அதிலிருந்த யோசனை அருமையானது. பின்னுக்குப் பதிலாகச் சாவி தூக்கும் தகடான லீவர் அளவுக்கு மீறி உயர்ந்தால் பூட்டு இறுகிக்கொள்ளும். பிறகு சொந்தச் சாவியும் திரும்பாதபோது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் லீவர் இனத்தைச் சேர்ந்ததே.

உருளை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், கதவைச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டின் நாக்கு சரிவாக இருப்பதால், மெல்லிய தகடு ஒன்று அதைப் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும். வெளியே போகும்போது சாவியைத் திருப்பிச் சதுரமான தாழை நீட்டிவிட்டால் இந்த வழி அடைபடும். சில பூட்டுகளில் நாக்கை ஒட்டி ஒரு சிறு தண்டும் இருக்கும். கதவு சாத்தியிருக்கையில் அது நிலையிலுள்ள தகட்டில் மோதி அழுந்தியிருக்கும்வரை நாக்கைத் தள்ள முடியாது. தகட்டின் துளை பெரிதாகிவிட்டால் தண்டும் நாக்கோடு சேர்ந்து அதற்குள் விழுந்துவிடும், காவலும் போய்விடும். கதவைத் திறந்துவைத்துத் தண்டை விரலால் அழுத்தியபடி நாக்கைத் தள்ளிப் பார்த்தால், அது அசையக்கூடாது. அங்கே சரியாக இருந்தால், அடுத்து அளக்க வேண்டியது நிலைத் தகட்டின் துளையைத்தான்.