மிக்ஸை அளக்கும் முன் மீட்டரைச் சோதித்துப் பாருங்கள்

வீட்டு ஸ்டூடியோவிலிருந்து மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலித் திருத்தம்) வரும் கோப்புகளோடு "–14 எல்யூஎஃப்எஸ் வைத்திருக்கிறேன்" என்ற குறிப்பும் சேர்ந்து வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. எல்யூஎஃப்எஸ் என்பது காதுக்குப் படும் சத்தத்தின் அளவு; எண் 0-வை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். அளந்து பார்த்தால் ஒன்று –11 இருக்கும், ஒன்று –17 இருக்கும். மீட்டர் பழுதாகியிருப்பது அபூர்வம். சிக்னலின் பாதையில் அதை எங்கே வைத்தோம், பாட்டை எங்கிருந்து எதுவரை கேட்கவிட்டோம், ஒரு சேனலா இரண்டு சேனலா என்ற மூன்று இடங்களில்தான் தவறு நடக்கிறது. இவற்றைச் சரிபார்க்காமல் திரையில் தெரியும் எண்ணை நம்பி லிமிட்டரை (உச்சிகளை அடக்கிச் சத்தத்தை ஏற்றும் கருவி) ஏற்றினால் பாட்டு நசுங்கிப்போகும்.

இன்று நாம் பயன்படுத்தும் லவுட்னஸ் மீட்டர்கள் எல்லாமே சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் வெளியிட்ட பிஎஸ்.1770 விதியைப் பின்பற்றுபவை. கணக்கு ஒன்றுதான் என்பதால், இலவசமான யூலீன் மீட்டரும் விலை கொடுத்து வாங்கியதும் ஒரே கோப்புக்கு ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். மீட்டரில் மூன்று எண்கள் ஓடும். மொமென்டரி 400 மில்லி வினாடியைப் பார்க்கிறது, ஷார்ட் டெர்ம் 3 வினாடியை. இன்டகிரேட்டட் என்பது தொடங்கியதிலிருந்து நிறுத்தியது வரை உள்ள முழு அளவு. "பாட்டு –14" என்று சொல்லும்போது இந்த மூன்றாவதைத்தான் சொல்கிறோம். கோரஸ் ஓடும்போது ஷார்ட் டெர்ம் எண்ணைப் பார்த்துவிட்டு அதையே பாட்டின் அளவாக எழுதி அனுப்புபவர்கள் நிறையப் பேர்.

முதல் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். டோன் ஜெனரேட்டரில் 1000 ஹெர்ட்ஸ் சைன் ஒலி, பீக் (உச்சி அளவு) –23 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டலின் மேல் வரம்பை 0 எனக் கொண்ட அளவு), இடது வலது இரண்டிலும் 20 வினாடி ஓட விடுங்கள். மூன்று எண்களும் –23.0 காட்ட வேண்டும். 0.1-க்கு மேல் விலகினால் பாதையில் ஏதோ குறுக்கிடுகிறது: பேன் லா (ஒலியை இடம் வலம் நகர்த்தும்போது மென்பொருள் செய்யும் அளவு மாற்றம்), மறந்துபோன ஒரு கெயின் பிளக்இன், அல்லது அறையைத் திருத்த மாஸ்டரில் போட்ட ஈக்யூ. இப்போது ஒரு சேனலை மட்டும் மியூட் செய்யுங்கள். –26.0 வர வேண்டும்.

அடுத்து அதே அளவில் 40 ஹெர்ட்ஸ் கொடுங்கள். மீட்டர் சுமார் 6 டிபி குறைவாகக் காட்டும். 4000 ஹெர்ட்ஸ் கொடுத்தால் சுமார் 3 டிபி கூடுதலாகக் காட்டும். இது பிழை அன்று. காதுக்கு அடிநாதம் குறைவாகவும் மேல்நாதம் கூர்மையாகவும் படுவதால் மீட்டருக்குள்ளேயே கே-வெயிட்டிங் என்ற வடிகட்டி வைத்திருக்கிறார்கள். நாதஸ்வரம் முன்னணியில் இருக்கும் பாட்டு பீக் அதிகம் இல்லாமலே எல்யூஎஃப்எஸ்ஸில் மேலே நிற்பதும், சப் பேஸை நம்பிய பாட்டு பீக்கைத் தொட்டுக்கொண்டே எண்ணில் கீழே கிடப்பதும் இதனால்தான்.

மீட்டரின் இடத்துக்கு வருவோம். அது மாஸ்டர் செயினில் கடைசியாக, லிமிட்டருக்கும் பின்னால் இருக்க வேண்டும். ஆனால் செயினில் கடைசியாக இருந்தாலே போதாது. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் மாஸ்டர் டிராக்கின் எஃப்எக்ஸ் (பிளக்இன்கள்) எல்லாம் மாஸ்டர் ஃபேடருக்கு முன்னால் ஓடுபவை. ஃபேடர் +3-ல் நின்றால் மீட்டர் –14 சொல்லும், ரெண்டர் ஆகி வெளியே வரும் கோப்பு –11 ஆக இருக்கும். மாஸ்டர் ஃபேடரை 0-வில் வைத்துத் தொடாமல் விடுங்கள். ஹெட்ஃபோன் திருத்தும் பிளக்இன் போன்றவற்றை மாஸ்டரில் போடாமல் மானிட்டரிங் எஃப்எக்ஸ் பகுதியில் போடுங்கள். அங்கே இருந்தால் அது அளவிலும் சேராது, கோப்பிலும் பதியாது.

அளக்கும்போது மீட்டரை ரீசெட் செய்து, பாட்டின் முதல் வினாடியிலிருந்து கடைசி ரிவர்ப் அடங்கும் வரை ஒரே ஓட்டமாக ஓட விடுங்கள். நடுவில் லூப் போட்டுக் கோரஸை நான்கு முறை கேட்டிருந்தால் மீட்டரும் அதை நான்கு முறை கூட்டியிருக்கும்.

இன்டகிரேட்டட் கணக்கில் ஒரு கேட் (மெல்லிய பகுதிகளைக் கணக்கில் சேர்க்காமல் தடுக்கும் வாசல்) இருக்கிறது. கர்நாடக சங்கீதம் பதிபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. –70-க்குக் கீழே உள்ளதை மீட்டர் முதலில் ஒதுக்கிவிடும். மிஞ்சியதன் சராசரியை எடுத்து, அதற்கு 10 எல்யூ (அதாவது 10 டிபி) கீழே கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே விழும் பகுதிகளை எல்லாம் தள்ளிவிட்டு மறுபடி சராசரி எடுக்கும். ஒரு பதிவில் பாதி நேரம் ஆலாபனை –30-லும், மீதி நேரம் மிருதங்கத்தோடு கிருதி –14-லும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சராசரி –16.9 வரும். கோடு –26.9-ல் விழும். ஆலாபனை முழுவதும் கணக்கிலிருந்து வெளியே போய், மீட்டர் –14.0 என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். பேருந்தில் இயர்ஃபோனோடு கேட்பவருக்கு ஆலாபனையே காதில் விழாது.

இப்போது ஆலாபனையை 6 டிபி ஏற்றி –24-ல் வையுங்கள். அது கோட்டுக்கு மேலே வந்து கணக்கில் சேர்ந்துவிடும். மீட்டர் –16.6 காட்டும். மெதுவான பகுதியை ஏற்றியதும் எண் இறங்குகிறது! இதைப் பார்த்துப் பயந்து மொத்தத்தையும் லிமிட்டரில் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் செய்தது சரியான வேலை. இப்படிப்பட்ட பதிவுகளுக்கு இன்டகிரேட்டட்டை மட்டும் பார்க்கக் கூடாது. ஷார்ட் டெர்ம் வரைபடத்தைத் திறந்து ஆலாபனை எங்கே ஓடுகிறது, தனி ஆவர்த்தனம் எங்கே போய் முட்டுகிறது என்று கண்ணால் பார்த்து, அந்த இடைவெளியை ஃபேடர் ஆட்டோமேஷனில் கையால் சரிசெய்ய வேண்டும்.

ட்ரூ பீக்குக்கும் சாதாரண பீக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். டிஜிட்டல் கோப்பில் இருப்பவை புள்ளிகள். ஸ்பீக்கருக்குப் போவது அந்தப் புள்ளிகளை இணைக்கும் வளைவு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வளைவு மேலே எழும்பலாம். சாம்பிள் ரேட்டின் நான்கில் ஒரு பங்கு அதிர்வெண்ணில், புள்ளிகள் உச்சியின் இரண்டு பக்கமும் சமமாக விழுந்துவிட்டால், 0 காட்டும் கோப்பின் உண்மையான உச்சி +3 டிபி. மீட்டர் இதைக் கண்டுபிடிக்க நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் செய்கிறது. அப்போதும் மோசமான நிலையில் அரை டிபிக்குச் சற்று மேல் தவறவிடக்கூடும். அதோடு ஏஏசி, எம்பி3 ஆக மாறும்போது உச்சிகள் இன்னும் உயரும். –1 டிபிடிபி (ட்ரூ பீக்கை அளக்கும் டிபி) என்ற வரம்பு இதற்காகத்தான். –14-ஐவிடச் சத்தமாகக் கொடுப்பதாக இருந்தால் –2 வையுங்கள் என்று ஸ்பாட்டிஃபையே சொல்கிறது. லிமிட்டரில் ட்ரூ பீக் பொத்தான் அணைந்திருந்தால், சீலிங் (லிமிட்டரின் மேல் வரம்பு) –1 என்று போட்டும் கோப்பு –0.3-ல் வந்து நிற்பது சகஜம்.

–14 என்ற எண்ணைச் சுற்றி இருக்கும் பயம் தேவையற்றது. கேட்பவரின் வசதிக்காக ஸ்பாட்டிஃபை தன் பக்கம் செய்யும் சமன்படுத்தல் அது. ஆப்பிள் மியூசிக்கின் சவுண்ட் செக் –16-ஐப் பிடிக்கிறது. –8-ல் கொடுத்த குத்துப் பாட்டை ஸ்பாட்டிஃபை 6 டிபி இறக்கும். நசுக்கி வாங்கிய சத்தம் போய்விடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும். –18-ல் கொடுத்ததை ஏற்றும், ஆனால் பீக் –1-ஐத் தாண்டாத அளவுக்குத்தான். உங்கள் ட்ரூ பீக் –3 என்றால் 2 டிபி மட்டும் ஏறி –16-ல் நின்றுவிடும். யூடியூப், ஸ்டேபிள் வால்யூம் வசதியை விட்டுவிட்டுப் பார்த்தால், சத்தமானதை இறக்கும், மெதுவானதை ஏற்றாது. கணினியில் வீடியோ மேல் வலது கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸைத் திறந்தால் கன்டென்ட் லவுட்னஸ் என்ற வரி இருக்கும். அங்கே 4 டிபி என்று இருந்தால் அவ்வளவு இறக்கியிருக்கிறார்கள். பாட்டுக்கு எந்த அழுத்தம் அழகோ அதில் முடித்துவிட்டு, பிறகு எண்ணைப் பாருங்கள் என்பதே எங்கள் ஆலோசனை.

அறைக்குள் கேட்கும் சத்தத்தையும் அளக்க வேண்டும். சத்தம் கூடினால் காதுக்கு பேஸ் கூடுதலாகப் படும். அதனால் ராத்திரி மெதுவாக வைத்துப் போட்ட மிக்ஸ் பகலில் சத்தமாகக் கேட்கும்போது அடி பெருத்துத் தெரிகிறது. –20 டிபிஎஃப்எஸ் ஆர்எம்எஸ் (சராசரி அளவு) உள்ள பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) ஒரு ஸ்பீக்கரில் மட்டும் விடுங்கள். உட்காரும் இடத்தில் காது உயரத்தில் சவுண்ட் லெவல் மீட்டரையோ போன் ஆப்பையோ பிடியுங்கள். மீட்டரில் சி வெயிட்டிங் (அடிநாதத்தையும் ஏறக்குறைய முழுதாகச் சேர்க்கும் முறை), ஸ்லோ என்று வையுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயரம் என்றால் 1200 கன அடி. 1500 கன அடிக்குக் கீழான அறைக்கு அமெரிக்கத் தொலைக்காட்சித் தர விதியான ஏ/85 சொல்வது 76 டிபி. அடுத்த ஸ்பீக்கரையும் தனியாக அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இன்டர்ஃபேஸ் குமிழில் அந்த இடத்தில் டேப் ஒட்டிக் குறியிடுங்கள். அளக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்துவது முக்கியம்: மைக்கில் மோதும் காற்றை சி வெயிட்டிங் அப்படியே சத்தமாகக் கணக்கிடும். பிங்க் நாய்ஸ் கோப்பின் ஆர்எம்எஸ்ஸையும் சரிபாருங்கள். முழு அளவு சைன் ஒலியின் ஆர்எம்எஸ்ஸை 0 எனக் கொள்ளும் முறையும் –3 எனக் கொள்ளும் முறையும் இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. தவறான முறையில் அளந்தால் அறை 3 டிபி தள்ளிப்போகும். ஏ வெயிட்டிங்கில் (அடிநாதத்தைக் குறைத்து அளக்கும் முறை) 85 டிபி என்றால் எட்டு மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு என்கிறது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. ஒவ்வொரு 3 டிபி ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 91-ல் இரண்டே மணி நேரம்.

பேச்சு, பாட்காஸ்ட் வேலையில் மோனோ தனியாகக் கவனிக்க வேண்டியது. ஒரு சேனல் கோப்பு –17 காட்டினால், அதையே இரண்டு ஸ்பீக்கரிலும் ஓட்டும்போது –14. ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்கும் –16-க்கு மோனோ கோப்பு –19 காட்ட வேண்டும். சில மீட்டர்களில் டூயல் மோனோ என்ற தேர்வு உண்டு. அதைப் போட்டிருந்தால் அந்த 3-ஐ மீட்டரே சேர்த்துவிடும், நீங்கள் மறுபடி சேர்க்காதீர்கள்.

கடைசி அளவை புராஜெக்டில் எடுக்காமல் ரெண்டர் ஆன 24 பிட் வேவ் கோப்பிலேயே எடுங்கள். ரீப்பரில் ரெண்டர் முடிந்ததும் இன்டகிரேட்டட், ட்ரூ பீக் இரண்டையும் அதுவே காட்டும். காலியான புதிய புராஜெக்டில் கோப்பைப் போட்டு, ஃபேடர் எதையும் தொடாமல் முழுதாக ஓட்டினாலும் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் ஃபேடர், பேன் லா, கிளிப் கெயின் என்ற வரிசையில் தேடுங்கள். மாஸ்டரிங்குக்கு அனுப்பும்போது இன்டகிரேட்டட், அதிகபட்ச ஷார்ட் டெர்ம், ட்ரூ பீக், சாம்பிள் ரேட் நான்கையும் எழுதி, லிமிட்டர் போட்ட பிரதியோடு போடாத பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.