தண்ணீர் இல்லாமல் பறக்கும் எஞ்சின்

பழைய புல்லட் எஞ்சினைக் குனிந்து பார்த்தால், சிலிண்டரைச் சுற்றி மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். ரேடியேட்டர் கிடையாது, வண்டி ஓடும்போது வருகிற காற்றே சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். விமானப் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172-இன் எஞ்சினும் இதே சாதிதான்.

ரைட் சகோதரர்கள் 1903-இல் பறக்கவிட்டது தண்ணீரால் குளிரும் 12 குதிரைத்திறன் எஞ்சின். தண்ணீர் நன்றாகவே குளிர்விக்கும். ஆனால் ரேடியேட்டர், குழாய், தண்ணீர் எல்லாமே சுமை. ஒரு குழாய் ஒழுகினால் போதும், கொஞ்ச நேரத்தில் எஞ்சினும் போய்விடும். 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பிரெஞ்சு விமானி ப்ளேரியோ, காற்றால் குளிரும் அன்சானி எஞ்சினை நம்பிக் கிளம்பினார். மூன்று சிலிண்டர், 25 குதிரைத்திறன். சீக்கிரமே சூடேறிவிடும் எஞ்சின் அது. வழியில் பெய்த மழைதான் அதைக் காப்பாற்றியது என்று ஒரு கதை உண்டு.

பிரான்சின் செகன் சகோதரர்கள் கண்டுபிடித்த வழி கொஞ்சம் கிறுக்குத்தனமானது. அவர்களுடைய நோம் எஞ்சினில், வழக்கமாகச் சுற்றவேண்டிய நடுத்தண்டான கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். சிலிண்டர்கள் அத்தனையும் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும்! விமானம் தரையில் நின்றாலும் சிலிண்டர்களுக்குக் காற்று கிடைத்துவிடும். பெட்ரோல், எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்து போகும் அமைப்பு என்பதால், பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் வேண்டும். அதற்கு விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். எரியாத எண்ணெய் விமானியின் முகத்தில் தெறிக்கும், வாய்க்குள்ளும் போகும். அப்புறம் அவர் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உண்மையான விடை உலோகத்தில் இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பேராசிரியர் கிப்சனும் சாம் ஹெரானும் சிலிண்டரை இரண்டாகப் பிரித்து யோசித்தார்கள். பிஸ்டன் உரசும் உருளைக்குத் தேய்மானம் தாங்கும் எஃகு. நெருப்பு பிடிக்கும் தலைப்பகுதிக்குச் சூட்டை வேகமாகக் கடத்தும் அலுமினியம். மிச்சம் இருந்தது புகைபோகும் வால்வு. அது செக்கச்செவேலென்று பழுக்கும். அதைக் காற்று நேரடியாகத் தொடவும் முடியாது. பின்னாளில் அமெரிக்கா போன ஹெரான், வால்வின் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் வைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். சோடியம் 98 டிகிரியில் உருகும். வால்வு மேலும் கீழும் போகும்போது உள்ளே அலம்பி, சூட்டைத் தலையிலிருந்து தண்டுக்கு இறக்கிவிடும். லிண்ட்பெர்க் 1927-இல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது முப்பத்து மூன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடிய ரைட் வேர்ல்விண்ட் எஞ்சினிலும் ஹெரானின் கைவண்ணம் இருந்தது.

அது சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் பெரிய எஞ்சின். சின்ன விமானத்தின் மூக்கில் வைத்தால் முன்னால் பார்வையை மறைக்கும், விலையும் கட்டாது. இங்கிலாந்தில் எஞ்சின் வடிவமைப்பாளர் ஹால்ஃபோர்ட், போரில் மிஞ்சிய எட்டு சிலிண்டர் ரெனோ வி-8 எஞ்சின்களின் பாகங்களை வைத்து, அதில் பாதியாக, ஒரே வரிசையில் நாலு சிலிண்டர் நிற்கும் எஞ்சினைச் செய்தார். அதுதான் 1925-இன் சிர்ரஸ். அதன் வழியில் வந்த ஜிப்சி எஞ்சின் பொருத்திய புஸ் மாத் விமானத்தில்தான் 1932-இல் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஆனால் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் முதலாவது, பின்னால் இருப்பவற்றின் காற்றை மறைத்துவிடும்.

1931-இல் அமெரிக்காவின் கான்டினென்டல் நிறுவனம் ஏ-40 எஞ்சினில் சிலிண்டர்களைப் பக்கத்துக்கு இரண்டாகப் படுக்கவைத்தது. எதிரெதிரே ஓடும் பிஸ்டன்கள் ஒன்றின் உதறலை மற்றது தணிக்கும். எஞ்சினும் தட்டையாக இருக்கும். பைப்பர் கப் விமானத்தில் சிலிண்டர் தலைகள் மூக்கின் இருபுறமும் காற்றில் நீட்டிக்கொண்டே இருந்தன.

இப்போதைய விமானங்களில் எஞ்சின் மூடிக்குள் இருக்கிறது. புரொப்பல்லருக்குப் பின்னால் இரண்டு ஓட்டைகள் தெரியுமே, காற்று அவற்றின் வழியாக எஞ்சினுக்கு மேலே போய் அடைபடும். கீழே அழுத்தம் குறைவு. எனவே தகடுகளின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கித்தான் அது வெளியேற முடியும். வேறு சந்து கிடைத்தால் அதில் ஓடிவிடும் என்பதால், சுற்றிலும் தகரத் தடுப்புகளும் ஓரங்களில் ரப்பர் பட்டையும் வைத்திருப்பார்கள். இந்த எஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்த ரப்பர் பட்டைதான். அது மடங்கிக் கிழிந்தால், ஹெரானின் அலுமினியத் தலை இருந்தும் சிலிண்டர் சூடேறிவிடும்.