எந்த ஓடை என்பது கடைசிக் கேள்வி

ஏப்ரல் பிறந்தால் எனக்கு அழைப்புகள் தொடங்கிவிடும். பெரும்பாலும் டொராண்டோ பக்கத்துப் பிள்ளைகள். யாரிடமோ கேட்டு என் எண்ணைப் பிடித்திருப்பார்கள். “அக்கா, ஜூலையில நாலு பேர் யூக்கானுக்குப் போறோம். எந்த ஓடையில தங்கம் நல்லாக் கிடைக்கும்?”

நான் நிலவியல் படித்தவள். சில கோடைகளை, கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூக்கானின் வண்டல் பொன் ஓடைகளில், அதாவது சரளையில் துகளாகப் பொன் கலந்து கிடக்கும் ஓடைகளில், சரளையை அளந்தும் அரித்தும் கழித்திருக்கிறேன். அதனால் பதில் என்னிடம் இருக்கும் என்று நம்புகிறார்கள். இருக்கிறதுதான். ஆனால் அதற்கு முன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். அந்த ஓடை யாருடையது? நீங்கள் எந்த நாள் திரும்ப வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்? முதல் கேள்விக்கு மௌனம்தான் வரும். இரண்டாவதற்கு, “வாட்ஸ்அப்ல போட்டுக்கிட்டே இருப்போம் அக்கா” என்பார்கள்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஒருமுறை டாசன் நகருக்கு வெளியே, பெரிய ஓடை ஒன்றின் கிளையில், இரண்டு தமிழ்ப் பையன்கள் முழங்கால் தண்ணீரில் நின்று அரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுக் குரல் கேட்டுத்தான் வண்டியை நிறுத்தினேன். புதுத் தட்டு, புது மண்வெட்டி, விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை. அவர்களுக்கு இருபது அடி தள்ளி, தலை சீவி நாலு பக்கமும் செதுக்கிய ஒரு மரக்கம்பம், அதில் சின்ன உலோகத் தகடு. “இது யாரோட கிளெய்ம் தெரியுமா?” என்றேன். “ஆத்துத் தண்ணி தானே அக்கா, யாருக்குச் சொந்தம்?” அவன் கேட்டு முடிக்கவில்லை, மேட்டில் நான்கு சக்கர மோட்டார் ஒன்றின் சத்தம் வந்துவிட்டது. வந்தவர் நல்ல மனிதர். கத்தவில்லை. தட்டில் இருந்ததைத் திரும்ப ஓடையில் கொட்டச் சொல்லிவிட்டு, அவர்கள் வண்டி ஏறும்வரை அங்கேயே நின்றார்.

தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லைதான். அதன் அடியில் கிடக்கும் சரளையில் உள்ள பொன்னுக்கு உரிமை உண்டு. யூக்கானில் வண்டல் பொன்னுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. ஒருவர் ஓடையோரம் கம்பம் நட்டு, அளந்து, அலுவலகத்தில் பதிந்துவிட்டால், அந்தத் துண்டுதான் கிளெய்ம்; அதில் பொன் எடுக்கும் உரிமை அவருடையது. ஆள் கண்ணில் படவில்லை, இயந்திரம் துருப்பிடித்துக் கிடக்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. டாசன் பக்கத்துக் கிளாண்டைக் பகுதியில் பெயருள்ள ஓடை எதுவானாலும் பெரும்பகுதி இப்படிப் பதிவானதுதான். அதற்கு மேல் முதற்குடிகளின் ஒப்பந்த நிலங்கள் உண்டு. டாசனைச் சுற்றியிருப்பது ட்ரோண்டெக் ஹ்வெச்சின் மக்களின் பூர்வீக நிலம். தேசியப் பூங்காக்களிலும் வரலாற்றுத் தலங்களிலும் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஜியோயூக்கான் என்ற அரசு வரைபடம் இணையத்தில் இலவசம். கிளெய்ம் எல்லைகள் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் வரைபடத்தோடு நிறுத்தாதீர்கள். வைட்ஹார்ஸ், டாசன், மேயோ, வாட்சன் லேக் என்று நான்கு ஊர்களில் சுரங்கப் பதிவு அலுவலகம் இருக்கிறது. நேரே போய், “நான் புதிது, கையால் அரிக்க மட்டும்தான் வந்தேன், எங்கே போகலாம்?” என்று கேளுங்கள். பொறுமையாகச் சொல்வார்கள். நான் போன எந்த ஊர் அரசு அலுவலகத்திலும் இவ்வளவு மரியாதையாக யாரும் பதில் சொன்னதில்லை.

முதல் பயணம் என்றால் என் சிபாரிசு ஒன்றே ஒன்று: பொனான்சா ஓடையில், முதல் கண்டுபிடிப்பு நடந்த இடத்துக்கு மேலே இருக்கும் ஆறாம் எண் கிளெய்ம். கிளாண்டைக் சுற்றுலாச் சங்கத்துக்குச் சொந்தமானது. தட்டும் மண்வெட்டியும் கொண்டு யார் வேண்டுமானாலும் போய் இலவசமாக அரிக்கலாம், இயந்திரம் கூடாது. “அது டூரிஸ்ட் இடம் அக்கா” என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அந்த ஓடையின் கதையைக் கேட்டால் சுளிப்பு போய்விடும். 1896 ஆகஸ்டில் ஸ்கூக்கம் ஜிம் என்று வெள்ளையர் அழைத்த கீஷ், அவருடைய சகோதரி மகன் டாசன் சார்லி, இன்னொரு சகோதரியின் கணவர் ஜார்ஜ் கார்மாக் ஆகியோர் அங்கே பொன் கண்டார்கள். செய்தி வெளி உலகுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அப்புறம் சுமார் 1 லட்சம் பேர் கிளம்பினார்கள் என்பார்கள்; டாசனை எட்டியவர்கள் 30,000 முதல் 40,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் 1898 கோடையில் வந்து இறங்கியபோது நல்ல ஓடைகளில் கம்பம் நடாத இடமே மிச்சமில்லை. மலைக்கணவாயில் காவலர்கள், ஒரு வருடத்துக்கான உணவு இல்லாதவரை உள்ளே விடவில்லை. ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சுமையை முதுகில் மாற்றி மாற்றி ஏற்றிக் கொண்டுவந்து, கடைசியில் அடுத்தவர் கிளெய்மில் கூலிக்கு வெட்டியவர்கள்தான் அதிகம். அன்று அவர்களிடம் ஜியோயூக்கான் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி.

வைட்ஹார்ஸிலிருந்து டாசன் சுமார் 530 கிலோமீட்டர். நல்ல சாலைதான். ஆனால் இடையில் வரும் சிற்றூர்களை விட்டால் வழியில் பெரும்பாலும் போனில் சிக்னல் இருக்காது. டாசனை விட்டு ஓடைகள் பக்கம் திரும்பினால் சரளைச் சாலை. வாடகை வண்டி ஒப்பந்தத்தில் சரளைச் சாலைக்கு அனுமதி உண்டா என்று படித்துப் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் இல்லை, அப்படியானால் அங்கே கண்ணாடி உடைந்தால் காப்பீடு வராது. டாசனுக்கு அருகிலிருந்து வடக்கே போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: அந்தச் சாலையில் முதல் பெட்ரோல் ஏறக்குறைய 370 கிலோமீட்டர் தாண்டி, ஈகிள் பிளெயின்ஸில். கூரான கற்கள் டயரைக் கிழிக்கும். உபரிச் சக்கரம் ஒன்று போதாது.

அதனால் வாட்ஸ்அப்பை மறந்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். வண்டி எண், நிறம், போகும் ஓடை, தங்கும் இடம், எல்லோருடைய மருந்து விவரம், திரும்பும் நாள், மணி. “இந்த மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் நீ ஆர்சிஎம்பி காவல் நிலையத்தைக் கூப்பிடு” என்று அந்த நிலையத்தின் எண்ணோடு ஒருவரிடம் கொடுங்கள். அந்த ஒருவர் பதற்றப்படும் அம்மாவாக இருக்க வேண்டாம். தள்ளிப்போடும் நண்பனாகவும் இருக்க வேண்டாம். சொன்ன மணிக்குச் சொன்னதைச் செய்கிற ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும். போனில் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசேஞ்சர் ஒன்றைக் கையில் வையுங்கள். சில நாட்களுக்கு வாடகைக்கும் கிடைக்கும். புறப்படும் முன்பே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். சந்தா கட்டாத கருவியை மூன்று நாள் சட்டைப்பையில் சுமந்த ஒருவரை நான் அறிவேன்.

பிள்ளைகள் எல்லோரும் கரடியைப் பற்றிக் கேட்பார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. என் இரண்டாவது கோடையில், ஜூன் மாதம், வெளியே நல்ல வெயில், நான் டி-ஷர்ட்டில் இருந்தேன். எதிர்க்கரையில் வெட்டுப்பட்ட மண்சுவரைப் பார்க்க ஓடையைக் கடந்தபோது பாசிக்கல்லில் கால் வழுக்கியது. மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டைக்கு இடுப்புப் பட்டி கட்டியிருக்கவில்லை. தண்ணீர் உள்ளே நிரம்பிவிட்டது. இடுப்பளவு ஆழம்தான். ஆனால் மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை. இழுக்கிறது, இழுக்கிறது, வெளியே விடமுடியவில்லை. கூட இருந்தவர் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். பையில் லைட்டர் இருந்தது. எடுத்தேன். கட்டைவிரலால் அந்தச் சின்னச் சக்கரத்தைத் திருப்ப முடியவில்லை. விரல் கண்முன்னே இருக்கிறது, என்னுடையது மாதிரியே இல்லை. நெருப்பை அவர்தான் மூட்டினார். தனியாகப் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இருந்திருக்காது.

அந்த ஓடைகளின் கீழே உறைநிலம், அதாவது வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண், இருக்கிறது. கோடையிலும் தண்ணீர் பனிக்கட்டியின் பக்கத்து வீடுதான். குளிர்நீர் பற்றிப் பயிற்சி தருபவர்கள் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூச்சு வசப்பட 1 நிமிடம், கைகால் உருப்படியாக இயங்குவது 10 நிமிடம்வரைதான், உடல்வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். பலரும் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆளை அடிப்பது முதல் நிமிடமும் அடுத்த பத்தும்தான். ஆகவே பட்டி கட்டுங்கள், மாற்றுடையைத் தண்ணீர் புகாத பையில் கரையில் வையுங்கள், ஒருவர் தண்ணீரில் நின்றால் ஒருவர் கரையில் நிற்கட்டும். பருத்தி ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கண்ணாடி மாதிரி தெளிந்த ஓடையிலும் ஜியார்டியா கிருமி இருக்கலாம், ஊர் திரும்பிய பிறகு வயிறு சொல்லும்.

சரி, கரடி. கரடியை விரட்டும் மிளகாய்க் காரம் கொண்ட கரடி ஸ்பிரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. வைட்ஹார்ஸில் இறங்கி வாங்குங்கள். காலாவதித் தேதி பாருங்கள். அதை இடுப்பில் மாட்டுங்கள், பைக்குள் அல்ல. கொசு மருந்து மாதிரி கூடாரத்தில் அடிக்காதீர்கள், அந்த வாசமே கரடியை இழுக்கும். அப்புறம் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கருவாடு, பொரித்த மீன், நெய், தலைக்குத் தேங்காய் எண்ணெய் எல்லாமே அங்கே அழைப்பிதழ். சாப்பாடும் பற்பசையும் எண்ணெயும் வண்டிக்குள் பூட்டி இருக்கட்டும். கூடாரத்தில் தூங்கும் உடையோடு சமைக்காதீர்கள். மிளகாய்ப்பொடி போதாதா என்று ஒரு தம்பி கேட்டான். போதாது.

பொன் அரிப்பதை அங்கே போய்க் கற்கலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் ஒரு தொட்டித் தண்ணீர், கொஞ்சம் மணல், தூண்டில்காரர்கள் பயன்படுத்தும் பத்துச் சின்ன ஈயக் குண்டுகள் போதும்; பத்தையும் திரும்ப எடுக்கும் வரை அரியுங்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அரிக்கன் சட்டி நினைவிருக்கும். உள்ளே வரி வரியாக இருக்கும். அரிசியைத் தண்ணீரில் சுழற்றிச் சரிக்கும்போது கல் அந்த வரிகளில் தங்கிவிடும். பொன் தட்டின் ஓரத்து வரிகளும் அதே வேலைதான் செய்கின்றன. அங்கே கல்லை எறிந்து அரிசியை வைத்தோம், இங்கே தங்கியதை வைத்து மற்றதை எறிகிறோம். படிகக்கல் மணல் தண்ணீரைப் போல் 2.65 மடங்கு கனம், கருமணலில் உள்ள காந்தக்கல் 5 மடங்குக்குச் சற்று மேல், சுத்தத் தங்கம் 19 மடங்கு. தட்டை முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி பக்கவாட்டில் நன்றாகக் குலுக்கினால் கனமானது அடிக்குப் போய்விடும். புதியவர்கள் குலுக்காமல் சுழற்றுகிறார்கள். சுழற்றினால் பொன்னும் சேர்ந்து போகும். மினுங்குவதைத் தட்டை உங்கள் நிழலில் பிடித்துப் பாருங்கள். நிழலிலும் மஞ்சளாக இருந்தால் பொன். வெயிலில் மட்டும் பளபளத்தால் அபிரகம், அதாவது மைக்கா.

சில சமயம் வெள்ளி நிறப் பூச்சோடு ஒரு துணுக்குக் கிடைக்கும். அது பாதரசம் பிடித்த பொன். பழைய சுரங்கக்காரர்கள் பொன்னைப் பிடிக்கப் பாதரசம் பயன்படுத்தினார்கள், அது இன்னும் மண்ணில் கிடக்கிறது. அதை வீட்டு அடுப்பில் வாணலியில் சுட்டுச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆவியாகும் பாதரசம் நுரையீரல் வழியாக மூளைக்குப் போகும். வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் மோசம். ஒரு சின்னக் குப்பியில் மூடித் தனியே வைத்து, பதிவு அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். எலும்போ தந்தமோ தட்டுப்பட்டாலும் எடுத்துப் பையில் போடாமல் சொல்லுங்கள். 2022 ஜூனில் யுரேகா ஓடையில் பொன் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் தோலும் தும்பிக்கையுமாக அழிந்துபோன மாமூத் யானையின் குட்டி ஒன்று உறைநிலத்திலிருந்து வெளியே வந்தது.

எவ்வளவு கிடைக்கும்? மூன்று நாள் முதுகு ஒடிய அரித்தால், அதிர்ஷ்டம் இருந்தால், குப்பியின் அடியில் சில செதில்கள். அவுன்ஸ் என்பது 31.1 கிராம், நம் கணக்கில் நாலு பவுனுக்குச் சற்றுக் குறைவு. யூக்கான் வரி அந்த ஒரு அவுன்ஸுக்கு 37.5 சதம்தான், இன்னமும் அவுன்ஸ் விலை 15 டாலர் என்று வைத்து 2.5 விழுக்காடு போடும் பழைய சட்டம். நீங்கள் அதைக் கட்டும் அளவுக்கு அரித்தால் எனக்கும் ஒரு போன் போடுங்கள்.

சரி, தாளை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், பட்டி கட்டிவிட்டீர்கள், ஓடை யாருடையது என்றும் தெரியும். இப்போது கேளுங்கள், எங்கே தோண்டுவது? ஓடை வளையும் இடத்தில் உள்வளைவில் தேடுங்கள். தண்ணீர் அங்கேதான் வேகம் குறைந்து கனத்தைக் கீழே போடும். பெரிய பாறையின் கீழ்நீர்ப் பக்கம் பாருங்கள். அடிப்பாறை வெளியே தெரிந்தால் அதன் வெடிப்புகளை ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, அந்தச் சேற்றை ஒரு தேக்கரண்டிகூட விடாமல் தட்டில் போடுங்கள். வெள்ளம் ஏறி இறங்கும் கரைப்பாறையில் பாசி படர்ந்திருந்தால் ஒரு பிடி எடுத்து வாளித் தண்ணீரில் நன்றாகக் கசக்கிப் பிழிந்து, அடியில் தங்கியதை அரித்துப் பாருங்கள்.